டயர் கேள்வி பதில்: ரெக்கவரி வண்டிக்கு எது கட்டுப்படியாகும்?

கேள்வி: நால்வழிச் சாலையில் பழுதாகி நிற்கும் வண்டிகளைத் தூக்கி வர ரெக்கவரி வண்டி ஓட்டுகிறேன். 8.25-16 அளவு நைலான் டயர், பின்னால் இரட்டைச் சக்கரம். மதுரை போய்த் திரும்பினாலே இடுப்பு விட்டுப்போகிறது. ஆறையும் மாற்ற வேண்டும். கையைக் கடிக்காமல் என்ன போடலாம்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ஆறும் புதிது வேண்டாம். முன்னால் இரண்டு மட்டும் புது ரேடியல் (உள்ளிழைகள் குறுக்கே நேராக ஓடும் டயர்), ரிப் பட்டன், அதாவது தரையில் படும் பட்டையில் நீளவாக்கில் வரி ஓடுவது. பின்னால் நான்கும் ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டை ஒட்டிய ரேடியல் போதும். ரேடியலின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், அலுங்கல் குறையும். ஓடும்போது சூடும் குறைவு. முன்னால் ரீட்ரெட் போடவே போடாதீர்கள். பட்டை உரிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

வாங்கும் முன் எடையைக் கணக்குப் பாருங்கள். கொக்கியில் 1,000 கிலோ தொங்கினால் பின் அச்சில் அதே 1,000தான் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சுக்கு அச்சு 4 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் என்றால் ஏறுவது 1,500 கிலோ; முன் அச்சில் 500 குறையும். காலி வண்டியின் பின் அச்சை மட்டும் எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்து, நீங்கள் தூக்கும் பெரிய வண்டியால் இப்படி ஏறும் எடையை அதோடு கூட்டி, பின்னால் உள்ள நான்கு டயருக்குமாக நான்கால் வகுங்கள். வருவது டயர் தாங்கும் எடைக்குள் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் எடைக் குறியீடு 128/126 என்றிருந்தால், ஒற்றையாகப் போட்டால் 1,800 கிலோ, இரட்டையாகப் போட்டால் 1,700 கிலோ தாங்கும். டயர் தாங்கினாலும் ஆர்.சி.யில் உள்ள அச்சு எடையைத் தாண்டக் கூடாது.

ரீட்ரெட்டில் கோளாறு வருவது ஜோடி சேர்ப்பதில்தான். ஜோடியில் பெரிய டயர் சுமையை வாங்கிச் சூடாகும், சிறியது இழுபட்டுத் தேயும். காற்றடித்த பின் பட்டனின் நடுவில் நாடா சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவில் 2 செ.மீ. வித்தியாசத்துக்கு மேல் இருந்தால் அந்த ஜோடி வேண்டாம். டியூப், பிளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வரும் ரப்பர் பட்டை) இரண்டும் புதிதாகப் போடுங்கள். பழைய டியூப் விரிந்து போயிருக்கும். உள்ளே மடிந்து அந்த இடத்தில் அறுபடும்.

காற்று பார்ப்பது காலையில், வண்டி எடுக்கும் முன். வெயிலில் ஓடி வந்த டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில் பாரம் ஏற்றுவீர்கள், பக்கச்சுவர் வெந்துவிடும்.

கேள்வி: கடையில் பழைய இருப்பு டயரை விலை குறைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓராண்டுக்குள் தயாரானது என்றால் தாராளமாக வாங்கலாம். மூன்றாண்டு தாண்டியது வேண்டாம். ரெக்கவரி வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பட்டன் தேயும் முன்பே ரப்பர் காய்ந்துவிடும். காடிகளின் அடியில் மெல்லிய கீறல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.