பச்சை உடம்புக்கு லேகியம்

வணக்கம். மகளுக்கு 36 வாரம், தலைப்பிரசவம். கோலாலம்பூர் செந்தூலில் என்னோடுதான் இருக்கிறாள். 38 வாரம் ஆனதும் விளக்கெண்ணெய் கொடுத்தால் வலி சீக்கிரம் வரும் என்கிறார் சம்பந்தியம்மா. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு காய்ந்த பூவைக் கொடுத்து, ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். பிரசவ லேகியத்தை நானே கிண்ட ஆசை, அளவு சொல்வீர்களா? பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது சரியா?

ஒரு தாய், செந்தூல்

அன்புள்ள அம்மா,

விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலை முறுக்கிப் பேதியாக்கும். வலி வருகிறதோ இல்லையோ, பெண் வாந்தியிலும் பேதியிலும் வறண்டு போவாள். முக்கிப் பெற வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது.

காய்ந்த பூ, பாத்திமா பூவாகத்தான் இருக்கும். பாலைவனச் செடி அது. கைமுஷ்டிபோல் சுருண்டிருந்து தண்ணீரில் விரியும். அதுபோலக் கருப்பை வாயும் விரியும் என்பது நம்பிக்கை. அன்பாகக் கொடுத்ததை வாங்கி வையுங்கள், குடிக்க மட்டும் கொடுக்காதீர்கள். அதைக் குடித்து வலி இடைவெளியில்லாமல் இறுக்கினால் பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும். மருத்துவமனையில் வலி வரவழைக்கும்போது பிள்ளையின் இதயத்துடிப்பைக் கருவியில் கவனித்தபடியே மருந்து ஏற்றுவது இதனால்தான். மலாய்ப் பெண்கள் மருந்தாகக் குடிக்கும் காச்சிப் பாத்திமா என்பது வேறு செடி. கர்ப்பத்தில் அதுவும் ஆகாது.

லேகியம் பிள்ளை பிறந்த பிறகு, வயிறு ஒழுங்காகப் போகத் தொடங்கியதும். சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நான்காம் நாள். ஆபரேஷன் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு. ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள் என்றால் லேகியத்தில் என்னென்ன சேர்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

சுக்கு 50 கிராம், ஓமமும் சீரகமும் 25 கிராம் வீதம், மிளகு 15 கிராம், அரிசித்திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை 10 கிராம் வீதம். சுக்கையும் சித்தரத்தையையும் முதலில் உரலில் தட்டி உடைத்துக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் மிக்சி பிளேடு போய்விடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், சூடு ஏறும்வரை மட்டும் வறுக்க வேண்டும். ஓமம்தான் முதலில் கருகும். கருகினால் லேகியம் முழுக்கக் கசக்கும். பொடியை இரண்டு முறை சலியுங்கள், இல்லையென்றால் சுக்கு நார் தொண்டையில் உறுத்தும்.

கருப்பட்டி 300 கிராம், தண்ணீர் ஒரு டம்ளர். கரைந்ததும் வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். பாகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் போதும். கம்பிப் பதம் போனால் ஆறியதும் கல்லாகிவிடும். பலரும் கோட்டைவிடும் இடம் இது. தீயைத் தணித்துப் பொடியைத் தூவிக் கிளறுங்கள், மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு நல்லெண்ணெய் 75 மில்லி, நெய் 100 கிராம், கொஞ்சம் கொஞ்சமாக. ஓரத்தில் எண்ணெய் கசிந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குங்கள். கருப்பட்டிக்குப் பதில் குலா மெலாகா என்ற தென்னை வெல்லம் போட்டால் கவனம்: பல கட்டிகளில் சீனி கலந்திருக்கும், பாகு பூத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரக் கரண்டி பட்டாலே பூஞ்சணம் பிடிக்கும்.

காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு நெல்லிக்காயளவு போதும். கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்ததில் இனிப்புநீர் (நீரிழிவு) என்று சொல்லியிருந்தால் லேகியமே வேண்டாம். அந்தப் பொடியில் அரைத் தேக்கரண்டியை மிளகு ரசத்தில் போட்டுக் கொடுங்கள்.

தண்ணீரை நிறுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். பால் கொடுக்கிற பெண்ணைத் தாகத்தில் போட்டால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். தையலோடு முக்குவது கொடுமை. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைப் பக்கத்திலேயே வையுங்கள், கேட்கும்போதெல்லாம் குடிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல், விடாத தலைவலி, பார்வை மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று எது வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைக்கு வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். இங்கே தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்த அணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவா என்று சோதிப்பார்கள். முடிவைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் குறை இருந்தால், பாச்சை உருண்டை போட்டு எடுத்து வைத்த பழைய துணியில் பிள்ளையைச் சுற்றினாலே ரத்த அணு உடைந்து மஞ்சள்காமாலை ஏறும். தொட்டில் சேலையை இப்போதே துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். லேகியப் பொடியையும் இந்த வாரமே இடித்துச் சலித்துப் புட்டியில் வைக்கலாம். பாகு காய்ச்சுவதைப் பேரப்பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.