ஸ்பீக்கர் ஒயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

சத்துவாச்சாரி வாசகர்: ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஹாலின் ஒரு மூலையில், ஸ்பீக்கர்கள் எதிர்ப்பக்க மூலைகளில். கதவு நிலையைச் சுற்றி இழுத்தால் 10 மீட்டர். கடையில் 14/76 ஒயர் கொடுத்தார்கள். பாஸ் தொளதொளவென்று இருக்கிறது. ஒயர்தான் காரணமா?

பதில்: ஒயருக்கும் பங்கு உண்டு. 14/76 என்றால் 0.0076 அங்குலக் கம்பி 14 இழை. எல்லாம் சேர்ந்தாலும் 0.4 சதுர மி.மீ. தான். கரண்ட் போய்த் திரும்பவும் வர வேண்டும், ஆக உங்கள் 10 மீட்டர் என்பது 20 மீட்டர் செம்பு. அதற்கே 0.8 ஓம் மின்தடை ஆகிவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பத்தில் ஒரு பங்கு.

சத்தம் ஒரு டெசிபல்கூடக் குறையாது, அது பிரச்சினையில்லை. ஆனால் ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருக்காது. கீழ்ஸ்தாயியில் ஓரிடத்தில் 20, 30 ஓம் வரை ஏறும், வேறிடத்தில் 6க்கு இறங்கும். இறங்குகிற இடத்தில் ஒயர் அதிகம் தின்னும், ஏறுகிற இடத்தில் கொஞ்சம்தான். அதனால் டோனே மாறுகிறது. மிருதங்கத்தில் தொப்பியின் 'தொம்' சட்டென்று நிற்காமல் இழுப்பதைக் கவனியுங்கள்.

ஒயரின் ஓம், ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு. உங்கள் தூரத்துக்கு 8 ஓம் என்றால் 1.5 சதுர மி.மீ. ஒயர், 4 ஓம் என்றால் ரெண்டரை சதுர மி.மீ. ஒயர். அதற்கு முன்னால் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து ரெண்டு அடி வெளியே நகர்த்திக் கேளுங்கள். மூலையில் வைத்தால் எந்த ஸ்பீக்கருக்கும் பாஸ் ஊதிப்போகும்.

ஆற்காடு வாசகர்: எனக்கு 3 மீட்டர்தான், 8 ஓம். விலை கூடிய தடி கேபிள் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1 சதுர மி.மீ. ஒயரிலேயே 0.1 ஓம்தான் வரும். அதற்கு மேல் தடித்தால் காதுக்கு ஒன்றும் தெரியாது. செம்பு நிஜச் செம்பா என்று மட்டும் பாருங்கள். செம்பு என்று சொல்லிக் கொடுத்த ஒரு சுருளை வீட்டில் பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. ரெண்டு நாள் மனசு ஆறவில்லை. அந்த மாதிரி ஒயர் கையில் இருந்தால் ஒரு சைஸ் கூட்டிக்கொள்ளுங்கள்.

காட்பாடி வாசகர்: வீட்டு வயரிங் ஒயரையே போடலாமா?

பதில்: தாராளமாக. மெயின் லைன் போகும் பைப்பிலேயே மட்டும் நுழைக்காதீர்கள், ஆபத்து.

குடியாத்தம் வாசகர்: திருவிழாவுக்குத் தெருக்கோடி ஹாரன் வரை 150 மீட்டர் இழுக்கிறோம். எவ்வளவு தடிமன்?

பதில்: அங்கே தடிமனை நம்பாதீர்கள். ரெண்டரை ஒயரிலேயே போக வர 2 ஓம் ஆகிவிடும். ஆம்பில் 100 வோல்ட் லைன் (நீண்ட தூரத்துக்கு வோல்ட்டைக் கூட்டி அனுப்பும் அவுட்புட்) இருக்கிறதா பாருங்கள். 100 வாட்டை நேரே 8 ஓமில் அனுப்பினால் மூன்றரை ஆம்பியர், 100 வோல்ட்டில் 1 ஆம்பியர்தான். சாதாரண ஒயரே தாங்கும். அந்த வோல்ட்டை ஹாரனுக்கு ஏற்றபடி குறைக்க, ஹாரன் பக்கம் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப் ஓடும்போது அந்த லைனைக் கையால் தொட வேண்டாம், ஷாக் அடிக்கும்.