ஆங்கில உச்சரிப்பு: வருங்கால ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளில் ஆங்கிலம் படிப்பவர்களும், கட்டுறுப் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்குப் போயிருப்பவர்களும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். என் பாடம் ஒலியியல். அதற்குள் வருவதற்கு விரிவாகச் சொல்கிறேன், மற்றதற்குச் சுருக்கம்தான். ஒரு வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பிள்ளைக்கு வாசிக்கப் பழக்காதீர்கள். கீழே நான் அப்படி எழுதுவது, அந்தச் சொற்களை ஏற்கெனவே அறிந்த உங்களுக்காக மட்டும்.

ஆரையம்பதி: சேர், 'டைம்', 'டேபிள்' சொல்லும்போது முதல் ஒலி கனமாக விழுகிறது என்று விரிவுரையாளர் திருத்துகிறார். யூரியூப் பார்த்துப் பழகியும் மாறவில்லை.

மகள், நீங்கள் தேடும் ஒலி உங்கள் தமிழிலேயே இருக்கிறது. 'வெற்றி' என்று நிதானமாகச் சொல்லி, ற்ற வரும் இடத்தில் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நுனி எங்கே தொடுகிறது? மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னே, ஈறு மேடாக இருக்கும் இடத்தில். ஆங்கிலத்துக்கும் அதே இடம்தான். 'பட்டம்' சொல்லும்போது நாக்கு இன்னும் பின்னால் வளைந்துபோய் அண்ணத்தைத் தொடும். அந்த ட-வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் கனம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் ற்ற-வை 'ட்ர' போலவோ 'த்த' போலவோ சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் அது பழைய இடத்திலேயே நிற்கிறது. நம்முடைய பாடநூல்களில் மீற்றர், லீற்றர் என்றும், அங்கே மீட்டர், லிட்டர் என்றும் எழுதுவதற்குக் காரணம் இதுதான். நீங்கள் பார்க்கும் காணொளிகள் பலவும் அங்குள்ள வாய்க்காகச் செய்யப்பட்டவை. தொல்காப்பியத்தின் பிறப்பியலே ட, ண இரண்டையும் ஓரிடத்திலும் ற, ன இரண்டையும் வேறோரிடத்திலும் வைத்துத்தான் பேசுகிறது. 'டோர்', 'டே' என்பவற்றின் முதல் ஒலிக்கு 'கன்று' என்பதில் ன்-க்குப் பின்னால் வரும் ஒலியைப் பிடியுங்கள்.

இடம் சரியானதும் மூச்சைப் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு 'டைம்', 'பேப்பர்', 'கீ' என்று சொல்லுங்கள். சொல்லின் முதல் ஒலிக்குக் காகிதம் ஆட வேண்டும். 'ஸ்டாப்', 'ஸ்பூன்' சொன்னால் ஆடக்கூடாது, ஏனென்றால் ஸ்-க்குப் பிறகு அந்த மூச்சு வராது. தமிழில் இந்த மூச்சு இல்லை. அதனால்தான் நாம் ஊசி என்ற பொருளில் 'பின்' சொன்னால் ஆங்கிலேயர் காதில் குப்பைத் தொட்டியாகிய 'பின்' விழுகிறது.

காத்தான்குடி: 'திங்க்', 'திஸ்' இரண்டின் முதல் ஒலியும் எனக்கு ஒன்றாகவே வருகின்றன.

குர்ஆன் மத்ரசாவில் தஜ்வீதோடு, அதாவது ஓதும் உச்சரிப்பு முறைப்படி, ஓதியிருப்பீர்கள் அல்லவா? 'ஹதீஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை மக்ரஜ் (ஒலி பிறக்கும் இடம்) பிசகாமல் சொன்னால், நாக்கு நுனி மேற்பல்லின் விளிம்பைத் தொட மூச்சு கசியும். 'திங்க்' தொடங்குவது அதே ஒலியில்தான். தொழுகை அழைப்பாகிய 'அதான்' என்பதில் நடுவில் வருவது 'திஸ்' என்பதன் முதல் ஒலி. 'ஸூ' என்று மிருகக்காட்சிச் சாலையைச் சொல்லும் ஒலியும், 'ஃபேன்' என்பதன் முதல் ஒலியும் அரபியில் உண்டு. ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய முதல். வகுப்பில் அதைப் பயன்படுத்துங்கள்.

அரபி தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. 'அது' என்பதில் வரும் த, 'தம்பி' என்பதன் த அல்ல. மென்மையாக உரசி வரும். அதுவே 'திஸ்'. தொண்டையில் கைவைத்து, அதிர்வு இல்லாமல் அதே உரசலைச் சொன்னால் 'திங்க்'.

களுவாஞ்சிகுடி: 'ஷிப்', 'ஷீப்' வேறுபாட்டை எத்தனை வாரம் பழக்க வேண்டும்?

ஒரு பாடவேளை போதும். குறிலும் நெடிலும் உள்ள மொழியைப் பேசும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு காதிலேயே இருக்கிறது. அந்த நேரத்தை 'மென்' (ஆண்கள்), 'மேன்' (ஆண்) என்ற இணைக்குக் கொடுங்கள். பின்னதில் வாய் நன்றாகத் திறக்க வேண்டும். நம் ஏகாரத்துக்குத் திறக்கும் அளவு போதாது. அப்புறம் தொப்பியாகிய 'கேப்', வாடகைக் காராகிய 'கேப்'. இங்கே கடைசி மெய் மட்டுமல்ல, உயிரின் நீளமும் வேறு: கார் என்னும் பொருளில் உயிர் நீளும்.

வாழைச்சேனை: மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கத் திணறுகிறார்கள். கொப்பியில் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்காதா?

வேண்டாம் தம்பி. மேலேயே பாருங்கள்: இரண்டு 'பின்', இரண்டு 'கேப்'. பிள்ளை கண்ணால் தமிழை வாசிக்கும், காது ஆங்கிலத்தைக் கேட்காது. நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். எழுத்துப் பிறகு வரட்டும்.

கல்முனை: பெற்றோர் பிரிட்டிஷ் உச்சரிப்பைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நாம் அதைத்தானே படிப்பிக்க வேண்டும்?

அக்கரைப்பற்று (மேலுள்ளதற்கு): எதற்கு? இலங்கை ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. விளங்கினால் போதாதா?

கல்முனை (மீண்டும்): 'விளங்கினால் போதும்' என்று நாம் சொல்வோம். கொழும்பில் நேர்முகத் தேர்வில் பிள்ளை வாய் திறந்ததும் சிரிப்பார்களே, அதற்கு யார் பொறுப்பு?

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கல்முனைத் தம்பியின் பயம் வெறும் கற்பனையல்ல. 'ஹோல்' (முழுமை), 'ஹால்' (மண்டபம்) போன்ற சொற்களில் ஒகர, ஓகார ஒலிகளை மாற்றிச் சொல்பவர்களின் ஆங்கிலத்தை 'நொட் பொட் இங்கிலீஷ்' என்று இந்த நாட்டில் கேலி செய்வது பழைய வழக்கம். சிங்களத்தில் ஆங்கிலத்துக்கே 'கடுவ', அதாவது வாள், என்று பெயர். யாரை வெட்டினார்களோ அவர்கள் வைத்த பெயர் அது. ஆனால் கேலிக்குப் பயந்து லண்டன் உச்சரிப்பைத் தேடி ஓடினால் வாள் கேலி செய்பவர்கள் கையிலேயேதான் இருக்கும். 2009-ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்த காலத்தில், ஆங்கிலத்தை நம் வழியில் பேசுவோம் என்ற குரல் அரச மட்டத்திலேயே எழுந்தது. நான் அந்தப் பக்கம்தான்.

அதே நேரம் 'விளங்கினால் போதும்' என்பது சோம்பலுக்குச் சாட்டாகிவிடக் கூடாது. எது இருந்தால் விளங்கும் என்று கணக்கெடுத்துத்தான் பேச வேண்டும். ஆங்கில உச்சரிப்பை ஆராய்ந்த மொழியியலாளர் ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000-இல் இதற்கு ஒரு பட்டியல் தந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது பிசகினால் பேச்சு முறிகிறது என்று பார்த்தார். பெரும்பாலான மெய்யொலிகள், சொல் முதலில் வரும் அந்த மூச்சு, உயிரின் நீளம், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது ஆகியவை முக்கியம் என்றார். 'திங்க்', 'திஸ்' ஒலிகளை அவர் பட்டியலிலிருந்து விட்டுவிட்டார். அவை பிசகினாலும் பேச்சு நிற்காது. காத்தான்குடி மகளுக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்தது, ஆசிரியர் வாயில் அது இருந்தால் நல்லது என்பதற்காக. பிள்ளையை அதற்காக எழுப்பி நிறுத்தாதீர்கள்.

ஓரிடத்தில் நான் ஜென்கின்ஸிடமிருந்து விலகுகிறேன். சொல்லுக்குள் அழுத்தம் விழும் இடத்தை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது, அதனால் எல்லா அசையையும் ஒரே பலத்தில் தட்டிக்கொண்டு போகிறோம். ஆங்கிலத்தில் 'போட்டோகிராப்' முதல் அசையில் அழுந்தும், 'போட்டோகிராபர்' இரண்டாவதில், 'போட்டோகிராபிக்' மூன்றாவதில். அழுத்தம் போன அசைகளில் உயிரொலி மங்கிவிடும். மேசையில் தட்டித் தட்டிச் சொல்லவையுங்கள். அழுந்தும் அசைக்கு மட்டும் பலமாகத் தட்ட வேண்டும். இலங்கை உச்சரிப்போ பிரிட்டிஷ் உச்சரிப்போ, இது இல்லாமல் இரண்டும் நிற்காது.

அக்கரைப்பற்று: அப்படியானால் பிரிட்டிஷ் ஒலிப்பதிவுகளைக் கேட்கவே வேண்டாமா?

கேட்க வேண்டும். பல நாட்டு ஆங்கிலத்தையும் கேட்கவிடுங்கள். காது அகலமாகத் திறந்திருக்க வேண்டும், வாய்க்கு ஓர் உச்சரிப்புப் போதும். இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சம்மாந்துறை: ஒலிக்குறியீடுகளை எல்லாம் பாடமாக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வேண்டும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலிகள் என்பது வழக்கமான கணக்கு: 24 மெய், 20 உயிர். எழுத்தோ 26தான். அகராதியைத் திறந்து யாரையும் கேட்காமல் ஒரு சொல்லைச் சொல்ல இந்தக் குறியீடுகள் உதவும். ஆரம்ப வகுப்புக் கரும்பலகையில் எழுதாதீர்கள்.

ஏறாவூர்: சேர், தமிழில் எழுதிக் கொடுத்தால் பெற்றோர் வீட்டில் படிப்பிக்க இலகு அல்லவா?

வாழைச்சேனைக்குச் சொன்ன பதில்தான். பெற்றோருக்கு உங்கள் குரலைத் தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள்.

திருக்கோவில்: ஒரு மாணவன் தமிழிலும் திக்குகிறான். என்ன பயிற்சி கொடுக்கலாம்?

இது உச்சரிப்புப் பாடத்துக்குள் வராது. பெற்றோரோடு பேசி, வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அவன் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். சொல்லை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம்.

சாய்ந்தமருது: கல்லூரிக்கு அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது?

வர்த்தமானியைப் பாருங்கள்.

பாசிக்குடா: சில சொற்களையாவது தமிழில்...

வேண்டாம்.

செங்கலடி: இறந்தகால வினைகளை எல்லோரும் 'வோக்கெட்', 'வொஷெட்' என்கிறார்கள். விதி இருக்கிறதா?

இருக்கிறது, எளிதானது. வினை ஏற்கெனவே 'வான்ட்', 'நீட்' போல நுனிநாக்கு மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேட்டைத் தொட்டு அடைக்கும் ஒலியில் முடிந்தால் மட்டும் புதிய அசை சேரும்: 'வான்டிட்', 'நீடிட்'. மற்ற எதற்கும் அசை கூடாது. 'வோக்' ஓரசை, அதன் இறந்தகாலமும் ஓரசை. தொண்டை அதிராத ஒலியில் முடிந்தால் பின்னால் வருவதும் அதிராது. அதிர்ந்தால் 'பிளே' என்பதன் இறந்தகாலம்போல அதுவும் அதிரும். பிள்ளைகளுக்கு முதலில் அசையை எண்ணச் சொல்லிக் கொடுங்கள். அதிர்வை அடுத்த தவணையில் பார்க்கலாம்.