‘கோட்’ என்றால் ஆடு

கேள்வி: தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒருமுறைகூட வெல்லாதவர் திபோ பினோ. ஓய்வுபெற்ற பிறகும் இணையத்தில் அவரை ‘கோட்’ என்று கொண்டாடுகிறார்களே, நியாயமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: முதலில் நன்றி. ‘பினோ’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிழைதிருத்துநர் அவரைப் ‘பினாட்’ ஆக்காமல் ஓய்வதில்லை. கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்காது ஐயா என்றால், “ஒலிக்காததை எதற்கு எழுதிவைத்தார்கள்?” என்கிறார். புதுச்சேரிக்காரரான நீங்களே ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

‘எக்காலத்திலும் தலைசிறந்தவர்’ என்பதற்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்தைச் சேர்த்தால் ஆடு வருகிறது. அது அவர்கள் தலையெழுத்து. நம் பக்கம் ஒருவரை ஆடு என்றால், எந்தக் கோயிலுக்கு என்றுதான் கேட்பார்கள். ஆனால் இந்தப் பட்டத்துக்குப் பினோவைவிடத் தகுதியானவர் யார்? 2023 அக்டோபரில் இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தோடு விடைபெற்றவர், கிழக்கு பிரான்சின் மெலிசே என்ற சிற்றூரில் நிஜமாகவே ஆடு வளர்க்கிறார். மெஸ்ஸியிடம் ஆடு இருக்கிறதா?

ஆடு லேசான பிராணி அல்ல. நான்காம் வகுப்பில் என் கணக்கு நோட்டை எங்கள் வெள்ளாடு தின்றுவிட்டது. ஆசிரியர் நம்பவில்லை. “மேல்வாயில் முன்பல்லே கிடையாது, எப்படியடா கடிக்கும்?” என்றார். விலங்கியல் சரி, தண்டனை தவறு. அன்றிலிருந்து புள்ளிவிவரத்தோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ‘எத்தனை முறை வென்றார்?’ என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பழைய வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அவர்களுக்காக ஒரு கணக்கு. பழைய பிரெஞ்சு வீரர் ரேமோன் பூலிதோர் 14 முறை தூர் ஓடினார். 8 முறை முதல் மூவரில் ஒருவர். பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை ஒருநாள்கூடப் போட்டதில்லை. 5 முறை தூர் வென்ற சக வீரர் ஆங்க்தீலைவிட பிரெஞ்சு மக்கள் ‘பூபூ’ என்று செல்லம் கொஞ்சியது அவரைத்தான். பினோ அந்த வம்சம்.

2012 தூரில், சுவிஸ் ஊரான போராந்த்ருயியில் 22 வயதுப் பையனாக அவர் தனியே முன்னேற, அணித் தலைவர் மார்க் மதியோ கார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கதவை அறைந்து அலறினார். அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. 2019 தூரில் தூர்மாலே மலையுச்சியில் அன்றைய கட்டத்தை வென்று, மொத்தப் பட்டத்துக்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தார். பந்தயம் முடியும் பாரிசுக்கு இரண்டு நாள் முன்பு, கிழிந்த தொடைத் தசை அவரை முடக்கியது. சக வீரர் தோளில் கைபோட்டுத் தேற்ற, அழுதபடி மெதுவாக மிதித்தார். பிறகு இறங்கிக் காரில் ஏறிவிட்டார். அதே நாள் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் வந்து அன்றைய ஓட்டமே பாதியில் நின்றுபோனது. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

கடைசித் தூரில், 2023 ஜூலையில், சொந்த மண்ணான வோஜ் மலைகளின் பெத்தி பலோன் ஏற்றத்தில் ஒரு வளைவையே ரசிகர்கள் அவர் பெயருக்கு எழுதிவைத்தார்கள். ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் வழிவிட்டு நின்றார்கள். அந்தச் சந்துக்குள் அவர் முதல் ஆளாக, தனியாக வந்தார். பிறகு மற்ற வீரர்கள் பிடித்துவிட்டார்கள், அன்று வென்றவர் பொகாச்சர். அது இருக்கட்டும்.

இதோ, மெய்ப்பு வந்துவிட்டது. நான்கு இடத்தில் ‘பினாட்’.