எழும்பும்போதே அசதி, எதிலும் மனசு ஒட்டவில்லை

கேள்வி: எனக்கு 37 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள். ஒரு வருசமாக ஓயாத அசதி. எழும்பும்போதே உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது. மலை ஏற்றத்தில் நின்று நின்றுதான் ஏற முடிகிறது. வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், பிறகு அழுகிறேன். முன்பு லயத்து முன்னால் கீரைப் பாத்தி வைத்திருந்தேன், அதையும் விட்டுவிட்டேன். மாமியார் என்னைச் சோம்பேறி என்கிறார். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. சத்து டொனிக் குடித்தேன், இரண்டு தடவை சேலைன் ஏற்றினேன், குணமில்லை. தினமும் உடற்பயிற்சி செய்தால் சந்தோஷம் வரும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். நாள் முழுக்க மலை ஏறுகிற எனக்கு எதற்கு உடற்பயிற்சி? இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லுகிறேன். இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய அந்த ஒரு பிடி அரிசிதான் எனக்கு மிக முக்கியமான தகவல்.

உடம்பில் இரும்புச்சத்து வற்றும்போது சிலருக்கு இப்படி விநோதமான ஆசைகள் வரும். ஒருவர் பச்சை அரிசி மெல்லுவார், இன்னொருவர் சாம்பல் தின்பார், ஐஸ் கடிப்பார், சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டித் தின்பவர்களும் உண்டு. இது கெட்ட பழக்கம் இல்லை. இரும்புச்சத்து ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே போய்விடும். அதனால் அரிசியை விடுவதற்குப் போராட வேண்டாம், இரத்தத்தைப் பரிசோதிக்கலாம். அதுவரை உங்களைச் சோம்பேறி என்று சொல்ல உங்கள் மாமியாருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தால் இருக்கிற இரத்தத்தையே இதயம் வேகவேகமாகச் சுற்றவிட்டுச் சமாளிக்கும். சமதரையில் அது தெரியாது. கூடையோடு ஏற்றம் ஏறும்போதுதான் நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், காலில் ஈயம் கட்டினது போல இருக்கும். மனசைச் சீராக வைத்திருக்கும் சில இரசாயனங்களை மூளை செய்வதற்கும் இரும்பு தேவை. ஆகவே எரிந்து விழுவதும் அழுகையும்கூட ஓரளவு இதிலிருந்தே வரலாம்.

கண்ணாடி முன்னால் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கிறதா? நகம் தட்டையாகி, கரண்டி போலக் குழிந்திருக்கிறதா? வாய் ஓரம் வெடித்திருக்கிறதா? ஆனால் இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் குருதிச்சோகை. முடிந்தால் பெரிட்டினும் பாருங்கள், அது உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பின் கணக்கு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாகி அசதியில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே இரத்தத்தில் சீனியும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் இதே அசதி, இதே மனச்சோர்வு வரும். கூடவே குளிர் தாங்காது, மலம் இறுகும், முடி கொட்டும், உடம்பு ஊதும். நம்முடைய ஊர்க் குளிரில் "எல்லாருக்கும்தானே குளிருது" என்று அதை விட்டுவிடுவார்கள்.

எங்கே போவது? உங்கள் டிவிஷனுக்கு வரும் மிட்வைஃபிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். 35 வயதைத் தாண்டிய பெண்களைப் பரிசோதிப்பதற்கென்றே அரசாங்கம் நடத்துவது அது, காசு இல்லை. சீனி, பிரஷர், மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்ப்பார்கள். மற்ற இரத்தப் பரிசோதனைகளை அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையில் செய்யலாம். உங்களுக்குத் திக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும், தெரியும். நானும் கொழுந்தெடுத்த ஒரு தாயின் மகள்தான், ஒரு பேர் போனால் அந்த மாதம் கடைக் கணக்கில் என்ன ஆகும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் இரண்டு தடவை சேலைன் ஏற்றியதற்கு நீங்கள் கொடுத்த காசு அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும்.

சேலைனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு போத்தல் சாதாரண சேலைனில் இருப்பது தண்ணீரும் உப்பும். குளுக்கோஸ் சேலைன் என்றால் அரை லீற்றரில் 25 கிராம் சீனி, அதாவது ஆறு தேக்கரண்டி. அதில் ஒரு துளி இரும்புகூட இல்லை. வாந்தி, வயிற்றோட்டத்தில் வறண்டு போனவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. அசதிக்கு மருந்தே இல்லை. படுக்கையில் ஒரு மணித்தியாலம் அசையாமல் படுத்திருந்தீர்களே, அந்த ஓய்வுதான் உங்களுக்கு இதமாக இருந்திருக்கும்.

சரி, இரும்பு எங்கே போகிறது? மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா, இரண்டு மணித்தியாலத்துக்குள் துணி நனைந்துவிடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. நான் கேட்டால்தான் "அது எப்பவும் அப்படித்தான் டொக்டர்" என்பார்கள். ஏழு நாளுக்கு மேல் போவது, கட்டியாகப் போவது, மலையில் நிற்கும்போது இடுப்பில் கட்டிய படங்கு வரை நனைவது, இவை எதுவும் சாதாரணம் இல்லை. கருப்பையில் கட்டி இருக்கலாம், கருத்தடைக்குச் செம்பு லூப் போட்டிருந்தால் அதனாலும் கூடப் போகலாம். காரணத்தைப் பார்க்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

கொக்கிப்புழுவும் ஒரு காரணம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். புழு மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், மலையில் செருப்போ சப்பாத்தோ இல்லாமல் நிற்க வேண்டாம். அட்டை கடித்துத்தான் இரத்தம் குறைந்துபோனது என்று பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அட்டை குடிப்பது மிகக் கொஞ்சம். அது கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம் சாப்பாடு. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். விடிய நாலு மணிக்கு எழும்பிக் கோதுமை மா பிசைந்து, ரொட்டி தட்டி, எல்லாருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய ரொட்டியைச் சம்பலோடு நின்றபடியே சாப்பிட்டு, மேலே ஒரு கோப்பை சாயத்தண்ணி. பத்து மணிக்கு மலையில் இன்னொரு ரொட்டி, போத்தலில் கொண்டுபோன சாயத்தண்ணி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நம் கையால் கிள்ளும் அதே கொழுந்தின் சாயம், சாப்பாட்டோடு குடித்தால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குச் சேருவது பாதிக்கும் குறைவாகிவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. அந்தக் குளிரில் அதை விடு என்று எந்த வாயால் சொல்வது? சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னும், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் பின்னும் குடிக்காதீர்கள், அவ்வளவுதான். எழும்பியதும் ஒரு கோப்பை குடியுங்கள். ரொட்டியோடு சுடுதண்ணி குடியுங்கள்.

சம்பலில் தேசிக்காய் நன்றாகப் பிழியுங்கள். புளிப்பில் உள்ள விற்றமின் சீ இரும்பை உள்ளே ஏற்றிவிடும். கொய்யாப்பழம் கிடைத்தால் விட வேண்டாம், தோடம்பழத்தைவிடப் பல மடங்கு அதில் உண்டு. கிழமையில் நாலு நாளாவது பருப்பு, கௌபி, கடலை, பாசிப்பயறு என்று ஏதாவது ஒன்று. நெத்தலியோ முட்டையோ ஈரலோ வாங்க முடிகிற நாளில் உங்கள் தட்டிலும் ஒரு பங்கு விழ வேண்டும். பிள்ளைகளுக்கும் புருசனுக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. மாதாமாதம் இரத்தம் இழப்பது நீங்கள்தான், வீட்டில் இரும்பு அதிகம் தேவைப்படுவதும் உங்களுக்குத்தான்.

குருதிச்சோகை வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நன்றாகச் சேரும். குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அப்படிப் போட்டாலே போதும், வயிற்று உபத்திரவமும் குறையும். இரண்டு மூன்று கிழமையில் ஏற்றம் ஏறுவது லேசாகும். அதோடு நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் சேமிப்பு நிரம்பும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறாவிட்டால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிப்பு என்று நினைத்துப் பிள்ளை பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் குடிக்கிறீர்களா? மலையில் ஒதுங்க இடம் இல்லாததால் காலையிலிருந்து பின்னேரம் வரை தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்களை எனக்கு நிறையத் தெரியும். தலைவலி, மயக்கம், சிறுநீர் எரிவு, பாதி அசதி அதனாலேயே வரும். இதற்கு மாத்திரை இல்லை, மலையில் கழிப்பறைதான் மருந்து. மாதர் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் இதைச் சத்தமாகக் கேளுங்கள். சம்பளத்தைக் கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டிய விசயம் இது.

இனி மனசு. இரும்பு ஏறியதும் மனசும் கொஞ்சம் தெளியும் என்று நம்புகிறேன். ஆனால் எல்லாமே இரும்பால்தான் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். நீங்கள் கீரைப் பாத்தியை விட்டதாக எழுதியது எனக்கு உறுத்துகிறது. முன்பு பிடித்தது இப்போது பிடிக்கவில்லை, இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனசு கனத்தே கிடக்கிறது, விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்து திரும்பத் தூக்கம் வரவில்லை, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். சீனி, பிரஷர் மாதிரி அதுவும் ஒரு வருத்தம். அதற்கும் மருந்து உண்டு, அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கும். அது தூக்க மாத்திரை இல்லை, பழகி அடிமையாவதும் இல்லை. குணம் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், நன்றாக வந்த பிறகும் ஆறு மாதமாவது போட வேண்டும்.

செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் உள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் பயிருக்கு மருந்தடிக்கும் நஞ்சுப் போத்தல் ஏதும் இருந்தால் அதை இன்றைக்கே வெளியே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் கேட்டது நியாயம். அந்த வீடியோக்கள் நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது ஓய்வு. மலையிலிருந்து வந்ததும் அடுப்படிக்குப் போகாமல் பதினைந்து நிமிடம் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுங்கள். அந்த நேரம் மூத்த பிள்ளை தண்ணி கொதிக்க வைக்கட்டும், புருசன் மா பிசையட்டும். இரவில் போனை அடுத்த காம்பராவில் வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் நாலு மணிக்கு எழும்புகிறவளுக்கு ஏழு மணித்தியாலம் கிடைக்கும்.

மனசு சரியான பிறகு கீரை போடலாம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வில் இது தலைகீழாகத்தான் நடக்கும்: முதலில் கை செய்யும், மனசு பின்னால் வரும். முழுப் பாத்தி வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழம் இடத்தைக் கொத்தி, நாலு பொன்னாங்காணித் தண்டை ஊன்றுங்கள். பத்து நிமிட வேலை. பிடிக்காவிட்டாலும் செய்யுங்கள். அடுத்த நாள் தண்ணி ஊற்ற இஸ்தோப்பை விட்டு இறங்குவீர்கள், பக்கத்து வீட்டு அக்கா ஏதாவது கேட்பார், இரண்டு வார்த்தை பேசுவீர்கள். அங்கிருந்துதான் தொடங்கும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஹீமோகுளோபின் எண்ணையும் தைரொயிட் எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை துணி என்பதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள்.