எட்டு கோர் இருந்தும் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் திணறுகிறதே?

கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2, எட்டு கோர் கணினியில் நொடிக்கு நாற்பது பிரேமில் தள்ளாடுகிறது என்றால், பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகம்தான் போதவில்லை. இந்த எமுலேட்டர் இரண்டு மூன்று திரெட்டுகளை (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளை) மட்டும்தான் கசக்கிப் பிழியும். மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

திணறும் அதே இடத்தில் ரெசல்யூஷனை பிளேஸ்டேஷனின் இயல்பான அளவுக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கூடினால் கார்டில் குறை. கூடாவிட்டால், சிபியு பயன்பாட்டைத் திரையில் காட்டும் வசதியை இயக்குங்கள். ‘இஇ’ (பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை பிராசஸரைப் போலச் செய்யும் வேலை) என்ற வரி நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம், பிராசஸர்தான்.

இன்னொன்று: ஐரோப்பிய ‘பால்’ (PAL என்ற டிவி முறை) பதிப்புகள் பலவற்றுக்கு நொடிக்கு 50 பிரேமே முழு வேகம். அதில் 60 வரவில்லையே என்று அலையாதீர்கள்.