ஒரு செமஸ்டர் பிரான்சில்: புதுச்சேரி, கடலூர் பிள்ளைகள் கேட்டவை

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விசாவைப் பற்றித்தான். விசா பெரிய விஷயமில்லை. கேட்ட காகிதங்களை வரிசையாகக் கொடுத்தால் வேலை நடந்துவிடும். பிள்ளைகளை அலைய வைப்பது நம் ஊர்க் கல்லூரி அலுவலகக் கையெழுத்துகள்தான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம் மாணவி: அக்கா, ஐந்தாவது செமஸ்டரை பிரான்சில் படிக்கத் தேர்வாகியிருக்கிறேன். அங்கே எழுதும் பாடங்களுக்கு இங்கே கிரெடிட் உண்டா என்று கேட்டால், “முதல்ல போயிட்டு வாம்மா, பாத்துக்கலாம்” என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

அந்த வார்த்தையை நம்பி டிக்கெட் போட வேண்டாம். ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ என்று ஒரு படிவம் இருக்கிறது. நீங்கள், உங்கள் கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது அதில் எழுத்தில் இருக்கட்டும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். நம் கணக்கு வேறு. எதை எப்படி மாற்றுவார்கள் என்பதையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

மதிப்பெண்ணில்தான் பெரிய சிக்கல். பிரான்சில் 20க்குத்தான் மார்க் போடுவார்கள். 10 வந்தால் பாஸ், 14 வந்தால் ‘நன்று’, 16 என்றால் ‘மிக நன்று’. 18 எல்லாம் ஆசிரியருக்குக் கை வராது. இங்கே யாராவது அதை அப்படியே ஐந்தால் பெருக்கிவிட்டால், அங்கே நன்றாகப் படித்து 13 வாங்கிய பிள்ளைக்கு 65 சதவீதம்தான். முதல் வரிசையில் இருந்தவர் ஒரே செமஸ்டரில் சறுக்கிவிடுவார். மாற்று அட்டவணை எது என்று துறைத்தலைவரிடம் கடிதமாகக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. நீங்கள் திரும்பும்போது அவர் அந்த நாற்காலியில் இருப்பாரோ என்னவோ.

அப்புறம் நாட்காட்டி. இங்கே ஒற்றைப்படை செமஸ்டர் நவம்பரோடு முடிந்துவிடும். அங்கே செப்டம்பரில் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் தேர்வு நடக்கும். மதிப்பெண் பட்டியல் வந்து சேர அதற்கு மேலும் ஆகும். அதுவரை உங்கள் ரிசல்ட் ‘நிறுத்திவைப்பு’ என்றே காட்டும். கேம்பஸ் இன்டர்வியூ வந்தால் காட்டுவதற்கு, தேர்வுப் பிரிவில் ஒரு விளக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலாப்பட்டு மாணவர்: கட்டணம் இரண்டு இடத்திலும் கட்டணுமா?

இரு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் போட்ட பரிமாற்றம் என்றால் இங்கே மட்டும் கட்டினால் போதும் தம்பி. அங்கே மற்ற மாணவர்கள் ஆண்டுக்கு நூறு யூரோ சொச்சம் கட்டும் ‘சேவெக்’ என்ற மாணவர் நலக் கட்டணம்கூட உங்களுக்குக் கிடையாது. தெரியாமல் கட்டிவிடாதீர்கள்.

நெல்லித்தோப்பு மாணவர்: எங்கள் தாத்தா ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரர், பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர். எனக்கு விசா வேண்டுமா?

புதுச்சேரியில் மட்டுமே வரக்கூடிய கேள்வி! 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே இருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். தாத்தாவின் குடியுரிமை அப்பா வழியாக உங்கள் வரைக்கும் வந்து, பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏறியிருந்தால் நீங்கள் பிரெஞ்சுக்காரர், விசா தேவையில்லை. ஏறவில்லை என்றால் தாத்தாவின் பென்ஷன் காகிதத்தை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. குடியுரிமை விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். அதை செமஸ்டரோடு முடிச்சுப் போடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்தான் கையில் இருக்கிறது என்றால், எல்லாரையும் போல, வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸ் வழியாக விண்ணப்பியுங்கள்.

வில்லியனூர் மாணவர்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர், மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல். பிரச்சினை வருமா?

நம்மவர்கள் எல்லாருக்கும் இருக்கிற பிரச்சினைதான். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான ‘அப்போஸ்டில்’ என்ற அரசு முத்திரையும் இங்கேயே வாங்கிவிடுங்கள், அங்கே போய் வாங்க வழியில்லை. பிரான்சில் உங்களை அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள், சிரித்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். ஆனால் தங்கும் இடத்தின் தபால் பெட்டியில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டை, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் எல்லாம் தபாலில்தான் வரும்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மா ஒருவர்: பையனுக்குக் கருவாடும் நெய்யும் கொடுத்தனுப்பலாமாம்மா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் எடுத்துப் போகக் கூடாது. அதனால் நெய் வேண்டாம். மீனுக்கு மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, கருவாடும் அதில் அடக்கம்! சட்டம் விட்டாலும் விடுதிக்காரர்கள் விட மாட்டார்கள் அம்மா. பொதுச் சமையலறையில் கருவாடு வறுத்தால் மாடி முழுக்கக் கதவு திறக்கும். தொக்காகச் செய்து, கசியாத டப்பாவில் கட்டிக் கொடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், பொடியாக்கி அனுப்புங்கள். பையன் பாரிசில் என்றால் லா ஷாப்பெல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் எல்லாமே கிடைக்கும்.

முத்தியால்பேட்டை அப்பா ஒருவர்: பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

மாணவர்களுக்கு ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு சார். ஆனால் ஒரு செமஸ்டருக்குப் போகும் பிள்ளை பிரெஞ்சு பேசி, வேலை தேடி, முதல் சம்பளம் வாங்குவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் மாதத்துக்குத்தான் பணம் அதிகம் தேவை. சாமான்களோடு வாடகைக்கு விடும் அறைக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம். அங்கே ஜாமீன் போட ஆள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ‘விசால்’ என்ற திட்டம் இலவசமாக ஜாமீன் நிற்கும். ஆனால் முன்பணத்தை அது கட்டாது, அதை நீங்கள்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.